வள்ளுவர் காட்டும் யானையும் தலைவனும்

தலைமையைப் பற்றி மேடையில் பேசுவோர் திருக்குறளை எடுத்தாளும்போது பெரும்பாலும் ஊக்கமுடைமை என்னும் அதிகாரத்தையே நாடுவர். அம்பு பட்டும் தளராத களிறு, நீர் உயரத் தானும் உயரும் மலர்த்தண்டு, யானையையும் அஞ்ச வைக்கும் புலி ஆகிய மூன்றும் அவர்களுடைய நாவில் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கும். மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் இம்மூன்றே திரும்பத் திரும்ப வரும். வள்ளுவர் இயற்கையை நோக்கியதெல்லாம் தலைவனுக்கு உரம் ஊட்டுவதற்கே என்னும் எண்ணம் இதனால் படிப்பவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

அவ்வெண்ணம் பாதி உண்மையே. மற்றப் பாதியைக் காண்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. வள்ளுவர் யானையை எந்தெந்த இடத்தில் நிறுத்தினார் என்று எண்ணிப் பார்த்தலே போதும். யானை என்றோ களிறு என்றோ பெயர் சொல்லி அவர் பாடிய குறட்பாக்கள் எட்டு. அவற்றுள் ஒன்று (1087) காமத்துப்பாலில் தலைவியின் அழகைப் பாராட்ட வந்தது. ஏனைய ஏழும் (500, 597, 599, 678, 758, 772, 774) பொருட்பாலில் உள்ளன. ஆள்பவனைப் பற்றியும், அவனுக்குத் துணையான அமைச்சு, பொருள், படை ஆகியவற்றைப் பற்றியும் பேசும் பகுதியிலேயே வள்ளுவருக்கு யானை மிகுதியும் நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த ஏழு யானைகளையும் ஒருசேர வைத்துப் படிப்போர்க்கு, மேடைப் பேச்சில் கேளாத செய்தி ஒன்று கிடைக்கும்.

ஓர் அதிகாரத்தில் இரண்டு யானைகள்

முதலில் ஊக்கமுடைமை அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 597ஆம் குறளில் வருவது போர்க்களத்துக் களிறு. அதன் உடலில் அம்புகள் பாய்ந்திருக்கின்றன. ஆயினும் அது நிலைகுலையாமல் தன் பெருமையை நிறுத்திக் காட்டுகிறது. உள்ளத்தில் திண்மையுடையோர் அழிவு வந்த இடத்தும் தளரார் என்பதற்கு அக்களிறு சான்றாகிறது. பரிமேலழகர் வைப்புமுறைப்படி, ஒரே ஒரு குறளை இடையே விட்டு 599இல் யானை மீண்டும் வருகிறது. அங்கே அதன் பருத்த உடலும் கூரிய கொம்பும் முதலில் சொல்லப்படுகின்றன. பின்னர், இவ்வளவு இருந்தும் அது புலிக்கு அஞ்சும் என்று முடிவு கூறப்படுகிறது. முன்னைய யானை ஊக்கத்திற்கு எடுத்துக்காட்டு. பின்னைய யானை ஊக்கமின்மைக்கு எடுத்துக்காட்டு.

ஒரே விலங்கை ஒரே அதிகாரத்தில் புகழ்ந்தும் பழித்தும் பேசுவது முரண் அன்றோ என்று குறை காண்போர் கேட்கலாம். குறட்பாக்களைத் தனித்தனியே பொறுக்கி எடுத்துப் பயன்படுத்துவோர்க்கு இக்கேள்வி எழுவதே இல்லை. அதிகாரம் முழுவதையும் வகுப்பில் நடத்தும் ஆசிரியர்க்கோ எழாமல் இராது.

விடை உவமை நிற்கும் நொடியில் இருக்கிறது. 597இல் தீங்கு நேர்ந்து முடிந்துவிட்டது; அம்பு தைத்தாயிற்று; அதன் பிறகு யானை நிற்கிறது. 599இல் தீங்கு இன்னும் நேரவில்லை, புலி எதிர்ப்படுகிறது, அப்பொழுதே யானை நடுங்குகிறது. அடி விழுந்த பின் தாங்கி நிற்பது ஓர் ஆற்றல். அடி விழுமுன் கலங்காதிருப்பது வேறோர் ஆற்றல். முன்னது உடையவரிடம் பின்னதும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நட்டம் வந்த பிறகு பொறுமையோடு நிமிர்ந்து நின்ற சங்கத் தலைவர், அடுத்த ஆண்டு எதிர்ப்பு வரும் என்ற வதந்தியைக் கேட்டே பொறுப்பை விட்டு விலகுவதை ஊர் கண்டிருக்கிறது. உடல் வலிமையும் கருவிச் சிறப்பும் புலியினும் மிக்கிருந்தும் ஊக்கம் இல்லாமையால் யானை அஞ்சுகிறது என்பது 599க்குப் பரிமேலழகர் காட்டும் விளக்கம். உடலும் கருவியும் உடைமைகள். ஊக்கம் அவற்றின் வேறானது. பதவி, பட்டம், படிப்பு ஆகியவற்றை இன்று அந்தக் கொம்பின் இடத்தில் வைத்துப் படித்தாலும் குறளின் பொருள் பிழைபடாது.

இதிலிருந்து வள்ளுவர் இயற்கையை நோக்கும் முறையும் விளங்குகிறது. பஞ்சதந்திரக் கதைகளில் சிங்கம் அரசன், நரி அமைச்சன். அங்கே ஒவ்வொரு விலங்குக்கும் நிலையான ஒரு குணம் உண்டு. கதை தொடங்குமுன்பே அக்குணம் படிப்பவர்க்குத் தெரியும். வள்ளுவரோ விலங்குக்கு நிலையான குணம் எதனையும் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு குறித்த நேரத்தில் அது என்ன செய்தது என்பதையே பார்க்கிறார். யானையே இவ்வாறு இருபாற்பட்டு நிற்கும்போது மனிதன் பிறப்பாலேயே தலைவன் என்றோ, ஒருமுறை துணிந்தவன் என்றும் துணிந்தவன் என்றோ சொல்வதற்கு இடமில்லை. புலியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. 599இல் வெற்றி பெறும் புலி, 273இல் பசுவின் மேல் போர்த்த வெறுந்தோலாக வருகிறது. அக்குறள் போலித் துறவிகளைக் குறித்தது. ஆயினும் வலிமையின் தோற்றம் வேறு, வலிமை வேறு என்னும் பாடம் துறவிக்கு மட்டும் உரியதன்று.

அஞ்சாத களிறு அழிந்த இடம்

ஊக்கமுடைமை 60ஆவது அதிகாரம். அதற்குப் பத்து அதிகாரம் முன்னரே, இடனறிதல் என்னும் 50ஆவது அதிகாரத்தின் இறுதியில், பொருட்பாலின் முதல் யானை வந்து நின்றுவிடுகிறது. கால் புதையும் சேற்று நிலத்தில் அகப்பட்டுக்கொண்ட களிற்றை நரி கொன்றுவிடும் என்பது 500ஆம் குறளின் கருத்து. மேடையில் மிகக் குறைவாக எடுத்தாளப்படும் யானை இதுவே.

இக்குறளில் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வள்ளுவர் இந்தக் களிற்றுக்கு அஞ்சாமை என்னும் அடைமொழியைக் கொடுத்திருக்கிறார். வேல் ஏந்திய வீரரையும் பொருட்படுத்தாத களிறு அது. 599ஆம் குறளின் யானைக்கு அச்சம் குறையாக இருந்தது. இந்த யானைக்கு அக்குறையும் இல்லை. உடல் இருக்கிறது, கொம்பு இருக்கிறது, துணிவும் இருக்கிறது. ஆயினும் அது நரியின் வாய்ப்பட்டது. துணிவு ஒன்றே தலைவனைக் காக்கும் என்று கருதுவோர்க்கு இதனினும் கடுமையான மறுப்பு வேறு இல்லை.

பரிமேலழகர் இக்குறளின் உரையில் பாட வேறுபாடு ஒன்றைக் குறிப்பிட்டுத் தள்ளுகிறார். முகத்தில் வேல் ஆழ்ந்த களிறு என்று பொருள்படுமாறு சிலர் ஓதினர் என்றும், அவ்வாறு கொண்டால் அந்தப் புண்ணும் யானை இறப்பதற்கு ஒரு காரணமாகிவிடும் ஆதலின் அது பாடம் அன்று என்றும் அவர் முடிவு செய்கிறார். ஓர் எழுத்து வேறுபாட்டைப் பற்றிய சிறு குறிப்புப் போல இது தோன்றும். ஆனால் உரையாசிரியர் இங்கே காப்பது குறளின் உயிர்நிலையை. யானைக்கு முன்பே காயம் இருந்தது என்றால், அது தோற்றதற்குச் சேற்றைக் குறை சொல்ல இயலாது. காயம் எதுவுமின்றி, முழு வலிமையோடு நிற்கும்போதே அது அழிய வேண்டும். அப்பொழுதுதான் அழித்தது இடமே என்பது ஐயமின்றித் தெளிவாகும். நல்ல திறனாய்வு செய்யும் பணியைப் பரிமேலழகர் இங்கே இரண்டு வரியில் செய்து முடித்திருக்கிறார்.

நரியைப் பற்றி வள்ளுவர் ஒரு சொல்லும் புகழ்ந்து கூறவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அதன் தந்திரமோ துணிவோ பேசப்படவில்லை. வெற்றியின் பெரும்பகுதி சேற்றுக்கே உரியது. பகைவன் சிறியவன் என்று இகழ்ந்து, தான் நிற்கும் நிலத்தைப் பாராத தலைவனுக்கு நேர்வது இதுதான். தனக்குத் தெரியாத வழக்கில் பேசப் புகுவதும், கணக்கு அறியாமல் கூட்டுறவு நிதியைத் தொடங்குவதும், வேற்றூர்ப் பூசலில் நடுவராகப் போய் அமர்வதும் சேற்றில் கால் வைப்பதே. அங்கே தோற்றவருடைய வீரத்தை எவரும் ஐயுறமாட்டார். ஆயினும் தோல்வி தோல்வியே.

வள்ளுவர் இச்செய்தியை யானையோடு நிறுத்திவிடவில்லை. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றில் இயற்கை நிறைந்திருக்கிறது. மயிலிறகே ஆனாலும் அளவு மிகுந்தால் வண்டியின் அச்சு முறியும் (475). பகலில் காக்கை கூகையை வெல்லும் (481). தாக்குவதற்கென்றே ஆட்டுக்கடா பின்வாங்கும் (486). கொக்கு வேளை பார்த்து ஒடுங்கியிருந்து, வேளை வந்ததும் குத்தும் (490). நீரில் பிறவற்றை வெல்லும் முதலையை, நீரை விட்டு நீங்கினால் பிற வெல்லும் (495). இவற்றுள் ஒன்றேனும் வெறும் வீரத்தைப் பேசவில்லை. அளவு, வேளை, இடம் ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே ஊக்கத்தின் அதிகாரம் வருகிறது. இந்த முறைவைப்பை மறந்து 60ஆவது அதிகாரத்தை மட்டும் பிடுங்கி எடுத்து மாணவர் கையில் கொடுப்பது, வண்டிக்காரனுக்குச் சாட்டையை மட்டும் கொடுத்துக் கடிவாளத்தைக் கொடாமல் அனுப்புவதை ஒக்கும்.

யானை வெளியே வந்து நிற்றல்

பொருட்பாலின் எழுபது அதிகாரங்களை அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 என்று பரிமேலழகர் பகுத்துக்கொண்டார். அந்தப் பகுப்பின்படி ஏழு யானைகளையும் பிரித்து வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. அரசியலில் வரும் மூன்று யானைகளும் (500, 597, 599) தலைவனையே குறிக்கின்றன. சேற்றில் அகப்படுபவனும் அம்பைத் தாங்குபவனும் புலிக்கு அஞ்சுபவனும் அவனே. அங்கவியலில் வரும் நான்கு யானைகளும் (678, 758, 772, 774) தலைவனுக்கு வெளியே நிற்பவை. அவன் கையாளும் கருவியாகவும், விலகி நின்று காணும் காட்சியாகவும், எய்ய வேண்டிய குறியாகவும் யானை மாறிவிடுகிறது. முதலில் தன்னை அறிதல், பின்னர்ச் செயலை அறிதல் என்னும் வரிசை இவ்வாறு உவமையிலேயே அமைந்துவிட்டது. வள்ளுவர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என்று சாதிக்க வேண்டியதில்லை. தலைவனைப் பாடும்போது ஒரு கண்ணும், அவனுடைய பணியைப் பாடும்போது மற்றொரு கண்ணும் கொண்டு அவர் ஒரே விலங்கை நோக்கினார் என்று கொண்டாலே போதும்.

வினைசெயல்வகை அதிகாரத்து யானை (678) தொழில் நுட்பம் அறிந்தவர்க்கு உவப்பானது. ஒரு வினையைச் செய்யும்போதே அதனால் மற்றொரு வினையையும் முடித்துக்கொள்ளுதல், மதநீரால் நனைந்த கன்னத்தையுடைய ஒரு யானையைக்கொண்டு மற்றொரு யானையைப் பிடிப்பதைப் போன்றது என்கிறார். இது கற்பனையில் தோன்றிய உவமை அன்று. பழக்கிய யானையைக்கொண்டு காட்டு யானையை வசப்படுத்தும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. தமிழகத்தில் அத்தகைய யானையைக் கும்கி என்பர். மலேசியாவிலும், 1989இல் பகாங் மாநிலத்தில் தோன்றிய குவாலா கண்டா யானைப் பாதுகாப்பு நிலையம் இம்முறையை அறியும். தோட்டங்களிலும் பயிர் நிலங்களிலும் புகும் காட்டு யானைகளை வேறு காட்டுக்குக் கொண்டுசெல்லும் பணியில் பழகிய யானைகள் துணை நிற்கின்றன. காட்டு யானையை இரண்டு பக்கமும் அணைத்து நடத்திச் செல்லப் பழகிய யானையைப்போல் உதவும் கருவி வேறு இல்லை. தலைவன் முடித்த முதற்செயலும் அவ்வாறே அடுத்த செயலுக்குத் துணையாக நிற்க வேண்டும். நூல்நிலையம் ஒன்றை அமைத்தவர், அங்கு வந்து கூடும் இளைஞரைக்கொண்டே மாலை வகுப்பைத் தொடங்கிவிட்டால் அவர் இக்குறளைக் கற்றவராவர்.

பொருள்செயல்வகை அதிகாரத்தில் (758) யானைகள் ஒன்றோடொன்று போரிடுகின்றன. தன் கையில் பொருள் வைத்துக்கொண்டு ஒரு செயலைத் தொடங்குபவன், குன்றின்மேல் ஏறி நின்று அப்போரைக் காண்பவனைப் போன்றவன். அச்சமும் வருத்தமும் இன்றி, வல்லவரை ஏவித் தன் செயலை முடித்துக்கொள்வான் என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. இக்குறளைப் பொருளின் சிறப்பைக் கூறுவது என்று மட்டும் கொள்ளுதல் வழக்கம். ஆனால் குன்றின்மேல் நிற்பவனைப் பற்றிச் சொல்லும்போதே குன்றில்லாதவனுடைய நிலையும் மனக்கண்முன் வந்துவிடுகிறது. கைப்பொருள் இல்லாமல் கடனை நம்பிச் செயலில் இறங்குபவன் இரண்டு யானைகளுக்கும் நடுவில் நிற்பவன். தலைவனுடைய தன்னம்பிக்கை நெஞ்சின் உரத்தால் மட்டும் வருவது அன்று. கணக்குப் புத்தகத்தாலும் வருவது. இதனை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லக் கூசாத புலவர் வள்ளுவர்.

குறி தவறிய வேல்

இதுவரை கூறியவற்றைக் கேட்டவர், வள்ளுவர் தலைவனை அடக்கி அடக்கியே வைக்கிறார் என்று எண்ணக்கூடும். சேறு, பாரம், காலம், கடன் என்று எண்ணிக்கொண்டே இருப்பவன் எச்செயலைத்தான் தொடங்குவான்? இளைஞரிடம் எச்சரிக்கையை மிகுத்துச் சொன்னால் அவர் முயற்சியையே கைவிடுவர் என்னும் கவலை ஆசிரியர்க்கு உண்டு. அது நேர்மையான கவலையே.

அதற்கு விடையாக அமைவது படைச்செருக்கு அதிகாரத்து யானை (772). காட்டில் ஓடும் முயலைத் தவறாமல் எய்த அம்பைவிட, யானையை நோக்கி எறிந்து குறி தவறிய வேலை ஏந்துதல் இனிது என்கிறார் வள்ளுவர். வெற்றி பெற்ற அம்பும் தோற்ற வேலும் இங்கே அருகருகே வைக்கப்படுகின்றன. பரிசு தோற்ற வேலுக்கே கிடைக்கிறது. அறத்தையும் அளவையும் விடாமல் வற்புறுத்திய புலவர் இத்தீர்ப்பை வழங்குகிறார் என்பதனாலேயே இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆராயாமல் துணிவைப் பாடும் ஒருவர் இதனைச் சொல்லியிருந்தால் வெறும் வீரப்பேச்சாகப் போயிருக்கும்.

வேலை ‘ஏந்துதல்’ இனிது என்று அவர் சொல்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறி தவறியது என்று வேலை அவன் காட்டில் விட்டுவிட்டு வரவில்லை. எடுத்து ஏந்தி நிற்கிறான். தோல்விக்குப் பிறகும் கருவி கையில் இருக்கிறது. அடுத்து வரும் 774ஆம் குறளில் இது இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கையில் இருந்த ஒரே வேலையும் களிற்றின்மேல் எறிந்துவிட்டவன், வேறு வேல் தேடி வரும்போது தன் உடலில் தைத்திருக்கும் வேலைக் கண்டு பறித்து மகிழ்கிறான். தனக்கு வந்த இடுக்கணே தனக்குக் கருவியாயிற்று என்னும் மகிழ்ச்சி அது.

500ஆம் குறளும் 772ஆம் குறளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முன்னது தலைவன் எங்கே நிற்கிறான் என்று கேட்கிறது. பின்னது அவன் எதனைக் குறிவைக்கிறான் என்று கேட்கிறது. காலை வைக்கும் இடத்தில் கருத்தாகவும், கண்ணை வைக்கும் இடத்தில் பெருமிதமாகவும் இருக்க வேண்டும் என்பதே இரண்டையும் சேர்த்துப் படிப்போர் பெறும் பொருள். நடைமுறையில் பலரிடம் இது தலைகீழாக இருப்பதைக் காணலாம். நிற்கும் இடத்தைப் பாராமல் துணிந்து இறங்குவர். குறியோ முயலளவே இருக்கும். ஆண்டு விழாவில் மாலையும் மேடையும் பெறுவதற்காக வழக்கும் வம்பும் வளர்ப்பது அவ்வகை.

சங்கப் புலவர் கண்ட யானை

வள்ளுவரின் தனித்தன்மை, அவருக்கு முன்னைய புறப்பாடல்களை அருகில் வைத்தால் இன்னும் விளங்கும். புறநானூற்றின் 94ஆம் பாடலில் ஔவையார் அதியமானை யானையாகக் காண்கிறார். ஊர்ச் சிறுவர் கொம்பைக் கழுவ நீர்த்துறையில் அமைதியாகக் கிடக்கும் யானையைப்போல் அவன் தமக்கு இனியவன் என்றும், மதம் கொண்ட யானையைப்போல் பகைவர்க்குக் கொடியவன் என்றும் பாடுகிறார். 184ஆம் பாடலில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி வாங்கும் முறையைக் கற்பிக்கிறார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்தின் விளைவும் யானைக்குப் பல நாளைக்கு ஆகும். யானையே வயலில் புகுந்தால் நூறு வயலும் போதா. அதன் வாயில் புகுவதைவிடக் காலில் அழிவதே மிகுதி என்பது அவர் காட்டும் கணக்கு.

இரண்டும் ஒப்பற்ற உவமைகள். ஆயினும் இரண்டிலும் யானையை வெளியில் நிற்பவர் பார்க்கிறார். ஔவையாருக்கு அது அன்பும் அச்சமும் தரும் காட்சி. பிசிராந்தையாருக்கு அது குடிகளின் வயலுக்கு வரும் கேடு. வள்ளுவரோ அரசியலில் யானையின் உள்ளே புகுந்து நின்று பேசுகிறார். அம்பு தைக்கும்போதும், புலியைக் காணும்போதும், கால் சேற்றில் புதையும்போதும் அதற்கு நேர்வது என்ன என்பதே அவருடைய நோக்கம். சங்கப் புலவர் தலைவனைப் பார்த்துப் பாடினர். வள்ளுவர் தலைவன் தன்னையே பார்த்துக்கொள்ளுமாறு பாடினார். புறப்பாடலைப் படித்தபின் அரசன் குடிகளை நினைப்பான். குறளைப் படித்தபின் தன் காலடியை நோக்குவான். தலைமைக்கு இரண்டு பார்வையும் வேண்டும். ஆகவே வகுப்பில் 500ஆம் குறளோடு புறநானூற்றின் 184ஆம் பாடலையும் சேர்த்து நடத்துவது பயன் தரும்.

பண்ணும் பாவையும்

இயற்கையைப்போலவே கலையையும் வள்ளுவர் தலைவன்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஊக்கமுடைமைக்குச் சற்று முன்னுள்ள கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் (573), பாடலோடு பொருந்தாத பண்ணால் என்ன பயன் என்று கேட்டு, இரக்கம் இல்லாத கண்ணுக்கு அதனை ஒப்பிடுகிறார். பண் தன்னளவில் குற்றமற்றதாக இருக்கலாம். பாடுபவர் குரலும் இனிதாக இருக்கலாம். சொல்லோடு இயையாவிட்டால் கேட்பவர்க்கு அது இசையாகாது. தலைவனுடைய திறமையும் அத்தகையதே. யார் பொருட்டு அது பயன்பட வேண்டுமோ அவர்களுடைய வாழ்வோடு இயையாவிட்டால், திறமை எவ்வளவு சிறந்ததாயினும் குடிகளுக்கு அது ஓசையே.

கல்லாமை அதிகாரத்தில் (407) மண்ணால் அழகுறச் செய்த பாவை வருகிறது. நுட்பமான நூலறிவு இல்லாதவனுடைய எழில் அந்தப் பாவையின் எழிலைப் போன்றது என்கிறார். பாவையின் அழகை அவர் மறுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அழகு இருக்கிறது, அது கைவினைஞன் கொடுத்த அழகு, பாவைக்கு உரியது அன்று. பிறர் எழுதிக் கொடுத்த உரையைப் படித்தும், பிறர் தீட்டிய திட்டத்தைத் தன் பெயரால் வெளியிட்டும் தலைவராகத் தோன்றுவோர்க்கு இதனைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. அறத்துப்பாலில் (279) அம்பும் யாழும் அருகருகே வருகின்றன. அம்பு நேரானது, ஆனால் செயலால் கொடியது. யாழ் வளைந்தது, ஆனால் செயலால் இனியது. அது துறவியை ஆராய்வதற்குச் சொல்லப்பட்டது. துணைவரைத் தேர்ந்தெடுக்கும் தலைவனும் அதனைக் கைவிளக்காகக் கொள்ளலாம்.

இக்கலை உவமைகளும் யானை உவமைகள் செல்லும் வழியிலேயே செல்வதைக் காணலாம். பண், பாவை, யாழ் ஆகியவற்றை அழகுக்காக மட்டும் அவர் பாடவில்லை. ஒவ்வொன்றையும் தலைவனைச் சோதிக்கும் உரைகல்லாகக் கொள்கிறார்.

யானை கற்பியாதது

யானை உவமைகளில் குறை ஒன்றும் இல்லையா என்று கேட்டால், ஒன்று உண்டு. வள்ளுவரின் ஏழு யானைகளுள் ஒன்றேனும் தன் கூட்டத்தோடு வாழும் யானை அன்று. போர்க்களத்தில் நிற்பது, சேற்றில் அகப்பட்டது, பிடிபடுவது, போரிடுவது, வேலெறியப்படுவது என்னும் நிலைகளே உள்ளன. காட்டில் பிடிகளும் கன்றுகளும் கூட்டமாக வாழ்கின்றன. முதிர்ந்த பிடிகள் நீருக்கும் தீனிக்கும் வழிகாட்டிச் செல்கின்றன. வளர்ந்த களிறு பெரும்பாலும் தனித்தே திரிகிறது. தலைமையைக் கற்பதற்கு உண்மையில் அந்த முதிய பிடியே சிறந்த ஆசிரியை. அது குறளில் இடம் பெறவில்லை. அரசர்க்கும் படைக்கும் உரிய களிறே வள்ளுவர் காலத்து அரசியல் சிந்தனையில் முன்னின்றது போலும்.

ஆனால் அந்தப் பாடம் குறளில் இல்லாமற் போய்விடவில்லை. யானையிடம் கிடைக்காததை வள்ளுவர் வேறு இடங்களில் தேடிக்கொண்டார். உலகம் மழையை எதிர்நோக்கி வாழ்வதுபோல் குடிகள் ஆள்வோன் செங்கோலை எதிர்நோக்கி வாழ்கின்றனர் என்பது செங்கோன்மை அதிகாரம் (542). சுற்றத்தாரோடு மனம் கலந்து பழகாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைவதைப் போன்றது என்பது சுற்றந்தழால் அதிகாரம் (523). அதே அதிகாரத்தில் (527) காக்கை வருகிறது. கிடைத்த உணவை மறைக்காமல், கரைந்து தன் இனத்தை அழைத்து உண்ணும் அந்தப் பண்புடையார்க்கே ஆக்கமும் உளதாகும் என்கிறார். கூகையை வெல்லுவதற்கு வேளை அறிந்திருந்த காக்கையே இனத்தை அழைக்கவும் அறிந்திருக்கிறது. நிலத்தில் வாழும் மிகப் பெரிய விலங்கு கற்பிக்க இயலாத ஒன்றை, வீட்டு முற்றத்துக்கு வரும் சிறு பறவை அதே அரசியலில் கற்பித்துவிடுகிறது.

ஆகவே தலைமைப் பண்பை மாணவர்க்கு ஊட்ட விரும்பும் ஆசிரியர், ஊக்கமுடைமையின் குறட்பாக்களைத் தனித்து நடத்தாமல் இருப்பது நலம். அம்பு தாங்கிய களிற்றுக்கு அருகில் சேற்றுக் களிற்றை எழுத வேண்டும். முயலம்புக்கு அருகில் யானைவேலையும், இவையெல்லாவற்றுக்கும் அருகில் காக்கையையும் எழுத வேண்டும். கரும்பலகையில் இவற்றை ஒருசேரக் கண்ட மாணவன், ‘இவற்றுள் எதனைப் பின்பற்றுவது?’ என்று கேட்பான். அக்கேள்விக்கு ஆசிரியர் விரைந்து விடை கூற வேண்டியதில்லை. காலையில் எழும் தேவைக்கு ஒன்றும், மாலையில் எழும் தேவைக்கு வேறொன்றும் பொருந்தும் என்பதை அவனே தன் வாழ்வில் கண்டுகொள்ளுமாறு விடலாம். அவ்வாறு கண்டுகொள்ளும் அறிவே தலைமைக்கு முதற்படி. கையொலி வாங்குவதற்கு ஒரு குறள் போதும். ஒருவரைத் தலைவராக்குவதற்கு ஏழு யானையும் ஒரு காக்கையும் வேண்டும்.